கட்சிப் பிணக்கும் மக்களாட்சிக் கட்டமைப்பும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஊர் ஏன் இரண்டுபடுகிறது என்ற வினாவுக்கு அப்பழமொழி விடை கூறவில்லை; இரண்டுபடுவது இயல்பு என்றே அது எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. நம் மொழியில் 'கட்சி' என்னும் சொல் வழங்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் தெளிவுறும். நாட்டுப்புறத்தில் திருவிழா முதன்மைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் மக்கள் 'கட்சி கட்டுகின்றனர்'. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தமக்கு வழக்கை ஒப்படைத்தவரைத் தம் 'கட்சிக்காரர்' என்கிறார். தேர்தல் மேடையிலும் அதே சொல் முழங்குகிறது. மூவிடத்தும் பொருள் ஒன்றே: பலர் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்றல்.

பக்கம் சேர்தல் மனித இயல்பு என்றால், அவ்வியல்பு பொதுநலத்தை விழுங்கிவிடாமல் காப்பது எங்ஙனம்? தம்மைத் தாமே ஆண்டுகொள்ள முனைந்த மக்கள் யாவரும் எதிர்கொண்ட வினா இது. இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிலங்களில் அளிக்கப்பட்ட மூன்று விடைகளை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். முதலாவது, பத்தாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டு உத்தரமேரூர்ச் சபை கண்ட விடை. இரண்டாவது, 1787-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் கூடியோர் கண்ட விடை. மூன்றாவது, 1946 முதல் 1949 வரை தில்லியில் கூடிய நம் அரசியல் நிர்ணய சபை கண்ட விடை. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, கட்சிப் பிணக்கை அடக்குவது எப்படி என்ற வினாவினும் பெரிய வினா ஒன்று அதன் பின்னே நிற்பது புலப்படும்.

குடவோலை கூறும் விடை

முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும், உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளைத் தமிழ் மக்களில் அறியாதார் சிலரே. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, பேதம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சபை நடுவே எடுக்கச் செய்தனர். ஓலையை வாங்குவோர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். வாங்கிய ஓலையை யாவரும் கேட்க வாசிக்கவேண்டும். இவ்வாறு எடுக்கப்பட்டவர்களைக் கொண்டு சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர்.

இம்முறையைப் பாராட்டுவோர் பலரும் அதன் தூய்மையைப் பாராட்டுவர். நாம் ஈண்டு நோக்குவது அதன் நோக்கத்தை. வாக்குக் கேட்கும் இடத்தில்தான் கட்சி பிறக்கும். குடத்தினின்று எடுக்கும் ஓலையிடம் யாரும் வாக்குக் கேட்க இயலாது. அதற்குப் பரிசில் தரவும் இயலாது. அதனை அச்சுறுத்தவும் இயலாது. எனவே திருவுளச்சீட்டு முறை கட்சி கட்டுதலின் வேரையே அறுக்கக் கருதிய முறை எனலாம்.

உறவு என்னும் கட்சியையும் அச்சபையோர் மறக்கவில்லை. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் வரலாகாது. அவன் மட்டுமன்றி அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என நீளும் உறவு வட்டம் முழுவதும் விலக்கப்பட்டது. ஒருவன் செய்த தவற்றை அவன் உறவினன் பதவிக்கு வந்து மறைத்துவிடுவான் என்பதை நன்குணர்ந்தவர்கள் வகுத்த விதி இது. 919-இல் வகுத்ததை 921-இலேயே திருத்தினர் என்பதும் கருதத்தக்கது. வகுத்த விதி நடைமுறையில் நிறைவளிக்காதபோது அதனை மாற்றிக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடுதல் வரலாறு கற்போர்க்கு அழகன்று. குடத்துள் யார் பெயர் இடப்பட்டது? உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன், தன் மனையில் வீடெடுத்து வாழ்பவன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட அகவையினன், வேதப் பயிற்சி உடையவன் ஆகியோர் பெயரே இடப்பட்டது. அவ்வூர் நிலத்தை உழுதவர், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர், நெய்தவர், பெண்டிர் ஆகிய யாருடைய பெயரும் அக்குடத்துள் இல்லை. சபைக்குள் கட்சி இல்லாமற் செய்தனர் என்பது மெய்யே. ஆனால் சபையே ஊரின் ஒரு பக்கமாக இருந்தது என்பதும் மெய்யே. குடத்துக்கு வெளியே நின்றவர் யார் என்ற இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு கடல் கடந்து செல்வோம்.

பிலடெல்பியா கூறும் விடை

1776-இல் விடுதலை அறிவித்து, 1783-இல் அவ்விடுதலைக்குப் பிரிட்டனின் ஒப்புதலைப் பெற்ற பதின்மூன்று அமெரிக்க மாநிலங்கள், அடுத்த சில ஆண்டுகளிலேயே பெரும் குழப்பத்தில் ஆழ்ந்தன. கடன்பட்டோர் ஒரு பக்கமும் கடன் கொடுத்தோர் ஒரு பக்கமும் நின்றனர். சில மாநிலச் சட்டமன்றங்கள் கடனாளிகளின் நெருக்குதலால் மதிப்பற்ற காகிதப் பணத்தை அச்சிட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1786-இல் வரிச்சுமையும் கடன்சுமையும் தாங்காத உழவர்கள் டேனியல் ஷேஸ் என்பார் தலைமையில் ஆயுதம் ஏந்தி நீதிமன்றங்களை மறித்தனர். இந்நிலையில்தான் 1787 மே மாதம் 25-ஆம் நாள் பிலடெல்பியாவில் மாநாடு தொடங்கியது. செப்டம்பர் 17 வரை நடந்த அம்மாநாட்டில் கலந்துகொண்டவர் ஐம்பத்தைவர்; முடிவில் கையொப்பமிட்டோர் முப்பத்தொன்பதின்மர்.

அவர்களுள் ஒருவர் வர்ஜீனியா மாநிலத்து ஜேம்ஸ் மாடிசன். அப்போது அவருக்கு அகவை முப்பத்தாறு. புதிய அரசியலமைப்பை நியூயார்க் மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி, அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜான் ஜே ஆகிய இருவரோடு சேர்ந்து, 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் செய்தித்தாள்களில் அவர் கட்டுரைகள் எழுதினார். மொத்தம் எண்பத்தைந்து கட்டுரைகள். அவற்றுள் 1787 நவம்பர் 22-இல் வெளிவந்த பத்தாம் கட்டுரை கட்சிப் பிணக்கைப் பற்றியது.

அக்கட்டுரையின் வாதத்தைச் சுருங்கக் கூறுவோம். பெரும்பான்மையோ சிறுபான்மையோ, ஏதோ ஓர் உணர்ச்சியாலோ நலத்தாலோ ஒன்றுசேர்ந்து, பிறர் உரிமைக்கோ சமூகத்தின் நிலையான நலத்துக்கோ எதிராகச் செயற்படும் கூட்டமே கட்சி என்பது அவர் இலக்கணம். இந்நோயின் காரணத்தைக் களைய வழி இரண்டு. ஒன்று, சுதந்திரத்தையே ஒழித்துவிடுவது. ஆனால் நெருப்புக்குக் காற்று எப்படியோ அப்படிக் கட்சிக்குச் சுதந்திரம். நெருப்புக்கு அஞ்சிக் காற்றை ஒழிப்பார் உண்டோ? மற்றொன்று, எல்லாருக்கும் ஒரே கருத்தும் ஒரே நலமும் உண்டாக்குவது. அது நடவாத செயல். சொத்தின் ஏற்றத்தாழ்வு ஒன்றே மக்களைப் பிரிக்கப் போதும். ஆகவே காரணத்தை விட்டுவிட்டு விளைவைக் கட்டுப்படுத்துவதே அறிவுடைமை.

சிறுபான்மைக் கூட்டம் தீங்கு செய்யப் புகுந்தால் பெரும்பான்மை வாக்கால் அதைத் தோற்கடித்துவிடலாம். பெரும்பான்மையே தீங்கு செய்யப் புகுந்தால் என் செய்வது? இங்கேதான் மாடிசன் தம் காலத்துப் பொதுக்கருத்தைத் தலைகீழாக்கினார். குடியாட்சி சிறிய நாட்டில்தான் நிலைக்கும் என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். மாடிசனோ பெரிய நாடே குடியாட்சிக்குப் பாதுகாப்பு என்றார். சிற்றூரில் ஒரே தொழிலினர், ஒரே சமயத்தினர் பெரும்பான்மையாகி மற்றவரை எளிதில் நசுக்கிவிடலாம். பரந்த நாட்டில் நலங்கள் பல, சமயங்கள் பல, தொழில்கள் பல. எந்த ஒரு கூட்டமும் தனித்துப் பெரும்பான்மை ஆவது அரிது. மேலும், பெருந்தொகுதியினின்று தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதி ஒரு தெருவின் ஆளாக இருக்க முடியாது. பல திறத்தாரின் மதிப்பையும் பெற்றவராக இருந்தாக வேண்டும்.

கருத்து அரியது. ஆனால் அதன் பின்வரலாறு வியப்புக்குரியது. கட்சிகளை அஞ்சி வகுக்கப்பட்ட அவ்வரசியலமைப்பில் 'கட்சி' என்னும் சொல்லே இல்லை. அது நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், 1790-களின் தொடக்கத்திலேயே, மாடிசன் தாமே தாமஸ் ஜெபர்சனோடு சேர்ந்து, முன்பு தம்மோடு கட்டுரை எழுதிய ஹாமில்டனுக்கு எதிராக ஒரு கட்சியைக் கட்டினார். 1796-இல் பதவி விலகும் வேளையில் ஜார்ஜ் வாஷிங்டன் தம் விடைபெறும் அறிக்கையில் கட்சி மனப்பான்மையின் கேட்டை எடுத்துரைத்து எச்சரித்தார். எச்சரிக்கையைப் பாராட்டினார்களேயன்றிப் பின்பற்றினாரில்லை.

மிகுதி வாக்குப் பெறுபவர் குடியரசுத் தலைவர், அடுத்தவர் துணைத் தலைவர் என்பது மூல விதி. கட்சி இல்லாத உலகுக்கு அது பொருந்தும். கட்சிகள் வந்த பின்னர் 1796-இல் ஒரு கட்சியின் ஜான் ஆடம்ஸ் தலைவராகவும் எதிர்க்கட்சியின் ஜெபர்சன் துணைத் தலைவராகவும் அமரும் விந்தை நேர்ந்தது. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெபர்சனும் ஆரன் பர்ரும் தலைக்கு 73 வாக்குப் பெற்றுச் சமநிலையில் நின்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெபர்சன் வென்றார். அதன் விளைவாக 1804-இல் பன்னிரண்டாம் திருத்தம் நிறைவேறியது. கட்சியை வாயிலில் நிறுத்திய அரசியலமைப்பு, பின்னர் அதற்கென்று வாயிலை அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

இங்கும் நாம் முன்னர்க் கேட்ட வினாவைக் கேட்போம்: குடத்துக்கு வெளியே நின்றவர் யார்? 1790-இல் எடுத்த முதல் மக்கட்தொகைக் கணக்கில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 39 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள். பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பகிரும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கணக்கில் சேர்க்கப்பட்டது. வாக்கு மட்டும் அவர்களுக்கு இல்லை. அவர்களை எண்ணி வந்த இடங்கள் அவர்தம் எசமானருக்கே வலிமை சேர்த்தன. நலங்கள் பல இருந்தால் கொடுமை தணியும் என்பது மாடிசன் கோட்பாடு. ஆனால் கணக்கில் வந்தும் குரலில் வராதவரின் நலத்தை எந்தப் பரந்த நாடும் தானாகக் காத்துவிடவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அவ்விடுபாட்டுக்குச் செலுத்திய விலையாயிற்று.

தில்லி கூறும் விடை

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிலடெல்பியாவில் இருந்தோர் கட்சியை அடக்க வழி தேடினர். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரோ பிரிவுகளையே பிரதிநிதித்துவத்தின் அடிப்படையாக ஆக்கினர். 1909-ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அம்முறை வேறு சில பிரிவினர்க்கும் விரிந்தது. சென்னை மாகாணத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. பிராமணரல்லாதார்க்குத் தனி வாக்காளர் பட்டியல் கேட்கப்பட்டது. வழங்கப்பட்டதோ பொதுத் தொகுதிகளுக்குள்ளேயே 28 ஒதுக்கீட்டு இடங்கள். 1920-இல் காங்கிரசு ஒதுங்கி நின்ற தேர்தலில் நீதிக்கட்சி வென்று ஆட்சி அமைத்தது.

தனித் தொகுதியா, பொதுத் தொகுதிக்குள் ஒதுக்கீட்டு இடமா என்பது ஏட்டுச் சுரைக்காய் வேறுபாடு அன்று. தனித் தொகுதியில் நிற்பவர் தம் பிரிவினரிடம் மட்டும் வாக்குக் கேட்டால் போதும். மற்றவரைச் சினமூட்டிப் பேசுவதும் அவருக்கு ஆதாயமாகலாம். ஒதுக்கீட்டு இடத்தில் நிற்பவர் எல்லாப் பிரிவினரிடமும் வாக்குக் கேட்டாகவேண்டும். அதனால் இணக்கம் பிறக்கும். ஆனால் அதே காரணத்தால், பெரும்பான்மையினர் தமக்குப் பணிந்து நடப்பவரையே தேர்ந்தெடுத்துவிடுவர் என்னும் அச்சமும் உண்டு. இரு பக்கத்தும் நியாயம் இருந்தது.

இவ்விரு நியாயங்களையும் இரு தமிழர்களே எடுத்து நின்றனர் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். டாக்டர் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர் இரட்டைமலை சீனிவாசன். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையில் அவர் அம்பேத்கரோடு நின்றார். எம்.சி. ராஜாவோ 1932-இன் தொடக்கத்தில் டாக்டர் மூஞ்சேயோடு உடன்பாடு செய்து, கூட்டுத் தொகுதிக்குள் ஒதுக்கீட்டு இடங்களே போதும் என்றார். ஒரே மக்களின் நலத்தை நாடிய இருவர் இரு வழி கண்டனர். அவர்களுள் யாரையும் பகைவராகக் கருத நமக்கு உரிமை இல்லை.

1932 ஆகஸ்டு 16-இல் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வழங்கியதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-இல் பூனா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி கைவிடப்பட்டது. மாகாணச் சட்டமன்றங்களில் அவர்க்குரிய இடங்கள் 71-லிருந்து 148-ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்தில் 18 இடம் 30 ஆயிற்று. அவ்வுடன்படிக்கையில் சீனிவாசனும் ராஜாவும் ஆகிய இருவருமே கையெழுத்திட்டனர். உண்ணாநோன்பின் நெருக்கடியில் இணங்கிய அம்பேத்கருக்கு அம்முறையில் மனநிறைவு ஏற்படவில்லை. பின்னாளில் அதனைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார்.

1946 டிசம்பர் 9-இல் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத 1947 ஆகஸ்டு இறுதியில், சிறுபான்மையினர்க்கான பிரதிநிதித்துவம் பற்றி அச்சபை விவாதித்தது. சென்னையினின்று வந்த போக்கர் சாகிப் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி தொடர வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். ஆலோசனைக் குழுவின் தலைவர் சர்தார் படேல் அதனை வன்மையாக எதிர்த்தார்; திருத்தம் தோற்றது. 1949 மே மாதத்தில் மீண்டும் அக்கோரிக்கையை எழுப்பியவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். அப்போதும் சபை ஏற்கவில்லை. அம்மாதமே சமயச் சிறுபான்மையினர்க்கான ஒதுக்கீட்டு இடங்களும் கைவிடப்பட்டன. பேகம் ஐசாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினரும் அவ்வொதுக்கீடு வேண்டா என்றே பேசினர். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மட்டும் ஒதுக்கீடு நிலைத்தது. தொடக்கத்தில் பத்தாண்டுக்கென வைக்கப்பட்ட அக்காலவரை பல திருத்தங்களால் நீட்டிக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டின் 104-ஆம் திருத்தத்தால் 2030 வரை சென்றுள்ளது.

கட்சிகளின் வலிமைக்கேற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறையும் சபையில் கோரப்பட்டது. 1949 ஜனவரியில் காசி சையத் கரீமுத்தீன் கொணர்ந்த அத்திருத்தத்துக்கு அம்பேத்கர் அளித்த மறுமொழி இருவகைப்பட்டது: எழுத்தறிவு பரவாத நாட்டில் அது நடைமுறைக்கு ஒவ்வாது, சட்டமன்றம் சிறு சிறு துண்டுகளாகி நிலையான ஆட்சி அமையாது. இறுதியில் வகுக்கப்பட்ட விதி எளியது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல். சமயம், இனம், சாதி, பால் காரணமாக யாரும் அதினின்று நீக்கப்படார், யாருக்கும் தனிப் பட்டியலும் இல்லை. இது 325-ஆம் விதி. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பது 326-ஆம் விதி. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். உத்தரமேரூர்க் குடத்துக்கும் பிலடெல்பியாக் கணக்குக்கும் வெளியே நின்ற வகையினர் யாவரும் இந்தக் குடத்துள் வந்தனர்.

கோட்பாடு தேர்வுக்கு வந்த இடம்

அம்முதல் தேர்தலிலேயே சென்னை மாநிலம் ஒரு பாடம் கற்பித்தது. 375 இடங்களில் காங்கிரசு பெற்றவை 152, பெரும்பான்மை இல்லை. வடதமிழகத்து வன்னியர் ஆதரவில் எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றிருந்தன. ராஜாஜி ஆட்சி அமைத்தபோது காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபோது உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமி படையாட்சியாரும் அமைச்சரவையில் இடம்பெற்றார். இரு கட்சிகளும் காங்கிரசில் கலந்தன.

இதனைப் பதவிப் பேரம் என்று இகழ்வாரும் உளர். பிரதிநிதித்துவம் இல்லாதிருந்த ஒரு பெருமக்கள் கூட்டம் ஆட்சியில் பங்கு பெற்ற வழி என்று போற்றுவாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு என்றே கருதுகிறோம். ஒரு பிரிவினரின் கட்சி தனித்து ஆள முடியாமற் பிறரோடு இணங்க வேண்டியதாயிற்று என்பதில் மாடிசன் கோட்பாடு மெய்ப்பட்டது. ஆயின் அவ்விணக்கத்தின் விலை அமைச்சர் நாற்காலி என்பதும் வெளிப்பட்டது.

அவ்விலை 1967-க்குப் பின் நாடெங்கும் ஏறியது. அரியானாவில் கயா லால் என்னும் உறுப்பினர் இரண்டே வாரத்துக்குள் மும்முறை கட்சி மாறினார். 'ஆயா ராம் கயா ராம்' என்னும் தொடர் அதனின்று பிறந்து, தில்லித் தெருக்களில் நம் பிள்ளைகளும் அறிந்த வழக்காயிற்று. கட்சி மாறுதலை ஆராய்ந்த சவாண் குழு, கட்சி மாறிய 210 உறுப்பினருள் 116 பேர் அமைச்சர் பதவி பெற்றனர் என்று காட்டிற்று. இதற்கு மருந்தாக 1985-இல் 52-ஆம் திருத்தத்தின் வழி பத்தாவது அட்டவணை வந்தது. அரசியல் கட்சி என்னும் சொல் நம் அரசியலமைப்பில் இடம்பெற்றது அத்திருத்தத்தினால்தான். பிலடெல்பியாவைப் போலவே தில்லியிலும் கட்சி திருத்தத்தின் வாயிலாகவே உள்ளே நுழைந்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் குற்றமில்லை என்றிருந்த ஓட்டையை 2003-ஆம் ஆண்டின் 91-ஆம் திருத்தம் அடைத்தது. அமைச்சர் தொகையும் அவையின் நூற்றுக்குப் பதினைந்துக்கு மிகாமல் வரம்பிடப்பட்டது.

கட்சித் தாவல் குறைந்ததா, மொத்தமாகத் தாவும் பழக்கம் வளர்ந்ததா என்று வாதிடுவோர் வாதிடட்டும். நாம் சுட்ட விரும்புவது வேறு. கட்சிக் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களித்தாலும் உறுப்பினர் பதவி இழக்கலாம் என்கிறது அச்சட்டம். விலைக்குத் தாவுபவனையும் மனச்சான்றுக்காக மாறி நிற்பவனையும் அது ஒரே கயிற்றால் கட்டுகிறது. தொகுதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தொகுதிக்குப் பொறுப்பாளரா, கட்சித் தலைமைக்குப் பொறுப்பாளரா என்னும் ஐயம் எழுகிறது. நெருப்பை அணைக்கக் காற்றை அடைக்கும் வழி தவறு என்று 1787-இல் எழுதப்பட்டதை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

நாம் கொள்ளும் முடிபு

மூன்று விடைகளையும் எடையிட்டுப் பார்ப்போம். உத்தரமேரூர், கட்சி பிறக்கும் வழியை அடைத்தது. பிலடெல்பியா, கட்சிகளைப் பலவாக்கி ஒன்றையொன்று தடுக்கச் செய்தது. தில்லி, எல்லாரையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒருவரையொருவர் நாடி வாக்குக் கேட்கச் செய்தது. முதலிரண்டும் அடக்குமுறையில் நுட்பமானவை. ஆயின் வெளியே நின்றவரை மறந்தவை. மூன்றாவது நுட்பத்திற் குறைந்தது. பணமும் சாதியும் அதன் தேர்தல்களில் ஆடும் ஆட்டத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் வெளியே யாரையும் நிறுத்தாதது. இரைச்சல் மிகுந்த அவையைத் திருத்திக்கொள்ளலாம். குரலற்றவரை வெளியே நிறுத்திய அமைதியைத் திருத்துவதற்கு ஒரு நாடு குருதி சிந்த வேண்டியிருந்தது. ஆகவே கட்சிப் பிணக்கினும் பெரிய கேடு விலக்கி வைத்தலே என்பது நாம் கொள்ளும் முடிபு.

இம்முடிபு பிழைப்புக்காகத் தாயகம் விட்டு வந்த நம் குடும்பங்களுக்குத் தனிப்பொருள் உடையது. நாம் வாழும் நகரங்களில் நாம் சிலர், சூழ்ந்திருப்போர் பலர். நமக்கெனத் தனித் தொகுதி இல்லை; தமிழருக்கென ஒதுக்கிய இடமும் இல்லை. ஆனால் குடியிருக்கும் தெருவின் பொதுப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது. அதனால்தான் தேர்தல் வந்தால் நம் மொழி அறியாத வேட்பாளரும் நம் குடியிருப்பு வாயிலில் வந்து கைகூப்புகிறார். வணக்கம் என்னும் ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு வருகிறார். அதனை வேடிக்கை என்று நகைத்துவிடலாகாது. சிலராக இருப்போரையும் பலர் நாடி வர வேண்டும் என்று 1949-இல் வகுத்த திட்டம் நம் வாயிலில் நின்று செயற்படும் காட்சி அது. ஊர் மாற்றல் வரும் பணியில் இருப்போர் பலர் புதிய ஊரில் பெயர் சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவிடுகின்றனர். குடத்துள் பெயர் இல்லாதவனை நாடி யாரும் வருவதில்லை என்பதை வரலாறு இருமுறை காட்டிவிட்டது.

நம் சங்கங்களும் சிறு குடியரசுகளே. ஆண்டுப் பொதுக்குழுவில் இரு அணி நிற்பதும், செயற்குழுத் தேர்தலில் குரல் உயர்வதும் எவ்வூர்ச் சங்கத்துக்கும் புதியன அல்ல. அணிகள் இருப்பதால் சங்கம் கெடுவதில்லை. தோற்ற அணியினர் மறுநாள் பொங்கல் விழாவுக்கு வர இடமிருக்கிறதா, கணக்கு யாவரும் கேட்க வாசிக்கப்படுகிறதா, புதிதாக வந்த குடும்பத்தின் பெயர் பட்டியலில் ஏறுகிறதா என்பவையே கேட்கத்தக்க வினாக்கள். ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன் அகல விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கிய சபையினின்று நாம் கொள்ளத்தக்கது அவ்வெளிப்படையை. அச்சபை செய்யாது விட்டதும் நாம் செய்யவேண்டுவதும் எல்லார் பெயரையும் குடத்திலிடுவதே.